வெள்ளை வண்டியில் ஒட்டிய மலை

இரண்டாவது பாலத்தில் ஏறினால் பினாங்கு முதலில் மலையாகத்தான் தெரியும். கட்டடங்கள் பிறகுதான். 24 கிலோமீட்டர் நீளம், 2014 மார்ச்சில் திறந்த பாலம். கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் இதைத்தான் பிடிப்பேன். பத்து மாவுங்கில் இறங்கினால் பெரியம்மா மகன் அண்ணனின் வீட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். அந்த சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. தீவின் தெற்கு மலைகள் கரும்பச்சையாக நின்றன. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும், தோலை உரித்தது போல, செம்மண் தெரிந்தது. எதற்காக வந்தேனோ அது அங்கேயே கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

பாயான் லெப்பாஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையம். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குப் பாம்புக் கோயில். வேலை தேடுகிறவர்களுக்குத் தொழிற்சாலைகள். மலாயில் பாயான் என்றால் கிளி, லெப்பாஸ் என்றால் விடுபட்டது. கிளி பறந்து போன ஊரோ என்னவோ, 1972-இல் நெல்வயல்களை நிரப்பி நாட்டின் முதல் சுதந்திர வணிக வட்டாரத்தை இங்கே அமைத்தார்கள். முதலமைச்சராக லிம் சோங் இயூ இருந்த காலம். அதே ஆண்டு இன்டெல் வந்தது. பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். நம் வீடுகளில் ஒருவராவது அந்த நீல, வெள்ளைச் சீருடையைப் போட்டு ஆலைப் பேருந்துக்குக் காத்து நின்றிருப்பார்கள்.

அண்ணனும் அப்படித்தான். இருபத்திரண்டு வருடம் ஒரே ஆலை, ஒரே பிரிவு. சில்லுகளைப் பொதியும் தூய அறையில் தூசியைக் கண்காணிக்கும் வேலை. போன மாதம் ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. இழப்பீடு கிடைத்தது, அதில் வீட்டுக்கடன் பெரும்பகுதி முடிந்தது. ஆனால் மகளுக்கு அடுத்த மாதம் கல்லூரிச் சேர்க்கை. கையில் இருந்ததில் விற்கக்கூடியது ஒன்றுதான்: அவருடைய ஏடிவி.

"திங்கக்கிழமை காலையில ஒரு அங்கிள் பாக்க வர்றாரு தம்பி. டுரியான் தோட்டம் வச்சிருக்காரு. நீ ஞாயித்துக்கிழமை இருந்தியானா நல்லாருக்கும்" என்று போனில் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "கழுவணும்" என்றார்.

ஒரு வண்டியைக் கழுவ முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வர வேண்டுமா என்று என் மனைவி கேட்டது நியாயம்தான். வண்டியைப் பார்த்த பிறகு நான் அப்படிக் கேட்கவில்லை.

அது வெள்ளை வண்டி. அதாவது, வாங்கும்போது வெள்ளை. மட்கார்டுகள் நான்கும் பளபளப்பான வெள்ளைப் பிளாஸ்டிக், கால் வைக்கும் இடமும் முன் தாங்கியும் சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக். இப்போது மட்கார்டுகள் பழைய தேநீர்க் கோப்பையின் உட்புறம் போல ஆகியிருந்தன. கறுப்புப் பகுதியோ சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. ஒரு வியாபாரி படத்தை மட்டும் பார்த்துவிட்டு 6,500 ரிங்கிட் என்றாராம். அண்ணன் எதிர்பார்த்தது 8,500. நடுவில் இருக்கிற இரண்டாயிரம் ரிங்கிட்தான் அந்த மண்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வாசலில் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் முதல் விமானம் இறங்கியது. அண்ணி வெளியே வந்து கோப்பியை வைத்துவிட்டு, "வெய்யில் வர்றதுக்குள்ள முடிங்க" என்றார். அது பொறுப்பான அறிவுரை என்று பிறகுதான் தெரிந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கில் சோப்பும் மண்ணும் காய்ந்து இரண்டாவது கறையாகிவிடும்.

நான் தேய்க்கத் தயாராக இருந்தேன். அண்ணன் என் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கி வாளிக்குள் போட்டார்.

"முதல்ல தண்ணி. அரை மணி நேரம் தண்ணி மட்டும்தான்."

ரப்பர் குழாயை லேசாகத் திறந்து மேலிருந்து கீழாக நனைத்தோம். பழைய துண்டுகளை ஈரமாக்கி மட்கார்டுகள் மேல் போர்த்தினோம். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பற்றுப் போட்டது போல வண்டி உட்கார்ந்திருந்தது. அந்த அரை மணி நேரத்தில்தான் அண்ணன் மண்ணைப் பற்றிச் சொன்னார். பள்ளியில் படித்தது எனக்கு மறந்து போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள், கிரானைட். அந்தக் கல்லில் முக்கியமாக மூன்று பொருள்கள் கலந்திருக்கின்றன. குவார்ட்ஸ் என்ற படிகம், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமம், இரும்பு சேர்ந்த கறுப்பு அபிரகம். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இந்த மழையிலும் வெயிலிலும் கிடந்தால் கல்லும் கரையும். குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாகக் கழன்று விழும். ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும். அபிரகத்தில் இருக்கும் இரும்பு துருப்பிடித்து அத்தனைக்கும் செம்பழுப்புச் சாயம் ஏற்றும்.

"பாக்கத்தான் ஒரே சேறு. உள்ள மூணு பேரு இருக்கான்" என்றார் அண்ணன். "மணல் கீறுவான். களிமண் ஒளிஞ்சுக்குவான். இரும்பு சாயம் போடுவான். மூணு பேரையும் ஒரே மருந்துல வெரட்ட முடியாது."

இந்த மண்ணை வெறும் விளையாட்டுச் சேறாகப் பார்க்க எனக்கு மனம் வராது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்து மண் சரிந்து பதினொரு தொழிலாளிகள் புதைந்து போனார்கள். மறு ஆண்டு அதே மாதம் புக்கிட் கூக்குசில் ஒன்பது பேர். மழையில் நனைந்த இந்த மலைச்சரிவு எப்படி நகரும் என்பதை இந்தத் தீவு நன்றாக அறியும். அண்ணனும் நண்பர்களும் கனமழை நாளில் மலையேறுவதில்லை. போவதும் பாலிக் புலாவ் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்துக்குத்தான், அவர் அனுமதியோடு. பொதுச்சாலையில் ஏடிவி ஓட்ட இங்கே அனுமதி கிடையாது. எனவே வாடகை லோரியில் வண்டியை ஏற்றி, தெலுக் கும்பார் தாண்டி, வளைந்து வளைந்து மலை ஏறி இறங்குவார்கள். பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்பக்கம். பெயருக்கு ஏற்றபடி அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலைகள் இருப்பதே மறந்துவிடும். டுரியானும் ஜாதிக்காயும்தான். ஜூன், ஜூலையில் போனால் சாலையோரமே மணக்கும். சிவந்த சுளையுள்ள 'ஆங் ஹே' பழம் ஒன்றை உடைத்துத் தின்றுவிட்டு, அதன் தோட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தால் சூடு தணியும் என்பார்கள். தணிந்ததா என்று நான் ஆராய்ந்ததில்லை. இரண்டாவது பழத்துக்குப் போய்விடுவேன்.

வாரம் முழுவதும் தூசியே இல்லாத அறையில் வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை எதற்காகச் சேற்றில் போய் விழ வேண்டும் என்று அண்ணியிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அதுக்குத்தான் போறாரு" என்றார் அண்ணி.

அரை மணி ஆனது. துண்டுகளை எடுத்ததும் பாதிச் சேறு தானாகவே வழிந்தது. மிச்சத்தைக் குழாய் நீரில், விரலால் வாயை அமுக்கி, சாய்வாக அடித்தோம். பக்கத்துக் கார் கழுவும் கடையில் உயர் அழுத்த ஜெட் இருக்கிறதே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்றேன். சக்கர அச்சின் சீல்களுக்கும் பேரிங்குகளுக்கும் அந்த வேகத்தில் தண்ணீரை அடித்தால் மணல் உள்ளே போகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கும். மின்கம்பி இணைப்புகளில் ஈரம் தங்கும். ஜெட் வைத்திருக்கிறவர்கள் மட்கார்டின் அடிப்பக்கத்துக்கு மட்டும், தள்ளி நின்று அடிக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

மணல் முழுவதும் போன பிறகுதான் சோப்பு. ஏனென்றால் குவார்ட்ஸ் மணல் பிளாஸ்டிக்கை விடப் பல மடங்கு கடினம். மணலோடு தேய்த்தால் நீங்கள் சுத்தம் செய்யவில்லை, உப்புத்தாள் போடுகிறீர்கள். அண்ணனுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். வண்டி வாங்கிய முதல் மாதம், பாத்திரம் துலக்கும் பச்சை நாரை எடுத்து இடது பின் மட்கார்டைத் தேய்த்திருக்கிறார். அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு கீறலிலும் செம்மண் போய் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சில் கோடு போட்டது போல இருக்கிறது.

இரண்டு வாளி வைத்தோம். ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை அலச வெறும் தண்ணீர் வாளி மட்டும்தான். பாத்திர சோப்பு கிரீஸ் இருக்கும் இடத்துக்கு ஒரு தடவை பரவாயில்லை, எப்போதும் வேண்டாம் என்றார். பிறகு ஒரு மைக்ரோஃபைபர் துணியை எடுத்து இரண்டாக மடித்தார், மறுபடி இரண்டாக மடித்தார். கையளவு சதுரம். மட்கார்டின் மேல் விளிம்பில் வைத்து, ஒரே திசையில், ஒரே இழுப்பு. தூக்கினார். துணியைத் திருப்பினார், புதிய பக்கம். முந்தைய தடத்தைக் கொஞ்சம் தொட்டபடி அடுத்த இழுப்பு.

நான் பழக்கதோஷத்தில் வட்டம் வட்டமாகத் துடைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"வட்டமா தொடச்சா எடுத்த அழுக்க திரும்ப அங்கேயே வைக்கிற. சுத்தமான எடத்துலேருந்து அழுக்கான எடத்துக்குப் போ. திரும்பி வராத."

தூய அறையில் மேசை துடைக்கும் முறை அது. ஆயிரம் வகுப்பு அறை என்று ஒன்று உண்டு. ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்றால் அரை மைக்ரான் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் துகளுக்கு அறிவியல் தரும் வரையறை இரண்டு மைக்ரானுக்கும் கீழ். இருபத்திரண்டு வருடம் அவர் ஆலைக்குள் எதைத் துரத்தினாரோ, ஏறக்குறைய அதே அளவுள்ள ஆசாமிதான் இந்த வெள்ளை மட்கார்டிலும் உட்கார்ந்திருக்கிறான். அதை அவர் சொல்லவில்லை. அவர் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது.

கறுப்புப் பகுதிகளில்தான் நேரம் போனது. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஆயிரம். அங்கே துணி மேட்டை மட்டும் துடைக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ், மென்மையான வகை, சோப்பு நுரையில் முக்கி நாலா பக்கமும் குத்தித் தேய்க்க வேண்டும். இங்கே மட்டும் வட்டம் போட அனுமதி கிடைத்தது. வெளுப்பு மண்ணாலா வெயிலாலா என்று எப்படித் தெரியும்? சோப்பில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி பழுப்பானால் உள்ளே இன்னும் மண் இருக்கிறது, தேயுங்கள். துணியில் பழுப்பே இல்லை, ஆனால் காய்ந்ததும் பிளாஸ்டிக் மறுபடி சாம்பலாகிறது என்றால் அது வெயில் வேலை. அதை எத்தனை தேய்த்தாலும் போகாது. முன் தாங்கியின் மேற்பகுதி அப்படித்தான் இருந்தது. ஹீட் கன்னை எடுத்து, ஓரிடத்தில் நிற்க விடாமல் அசைத்துக்கொண்டே சூடு காட்டினார். சாம்பல் நிறம் என் கண் முன்னால் கறுப்பாக மாறியது. என்னைத் தொட விடவில்லை. ஒரு நொடி கூடுதலாக நின்றால் பிளாஸ்டிக் நெளிந்துவிடுமாம்.

பத்து மணிக்கு மணலும் களிமண்ணும் போய்விட்டன. இரும்பு போகவில்லை. வெள்ளை மட்கார்டுகளில் வெளிர் ஆரஞ்சு நிறம் நிழல் போல நின்றது. நான் குளோராக்ஸ் போடலாமா என்றேன். கூடவே கூடாது. துருச் சாயத்துக்கு வெளுப்பான் ஆகாது, சில சமயம் இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலும் தின்னரும் போட்டால் ஸ்டிக்கர் போகும், பளபளப்பும் போகும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறைய பெலிம்பிங் பூலோ கொண்டு வந்தார். வெள்ளரிப் பிஞ்சு போல, மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அந்தப் புளிப்புக் காய். சம்பாலில் போடுவார்கள், மீன் குழம்பில் போடுவார்கள். இதை நசுக்கித்தான் அந்தக் காலத்தில் பித்தளையும் கிரிஸ் கத்தியும் துலக்குவார்கள் என்றார் மக்சிக். நம் அம்மாமார்கள் குத்துவிளக்குக்குப் புளி போட்டது போல. அந்தக் காயில் ஆக்ஸாலிக் அமிலம் நிறைய. துருவைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வருவது அந்த அமிலம்தான்.

மூன்று காய்களை நசுக்கி ஒரு மூலையில் பூசி, பத்து நிமிடம் கழித்துக் கழுவினோம். ஆரஞ்சு பாதியாக வெளுத்திருந்தது. மக்சிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நான்கு மட்கார்டுக்கு மரத்தையே மொட்டையடிக்க வேண்டியிருக்கும். அண்ணன் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போய், துரு நீக்கும் தூள் ஒரு டப்பா வாங்கி வந்தார். டப்பாவின் பின்னால் அதே அமிலத்தின் பெயர்.

இந்தத் தூளைக் கையாள்வதில் கவனம் தேவை. கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் நஞ்சு. வெளுப்பானோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். முதலில் மறைவான ஓரிடத்தில் சோதியுங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்குக் கரைத்து, துணியில் நனைத்து, கறை மேல் மட்டும் வைத்து, சில நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அலுமினியப் பாகங்களிலும் போல்ட்டுகளிலும் வழிய விடக் கூடாது. அண்ணன் அதற்காக நட்டுகளைச் சுற்றி டேப் ஒட்டினார். இரண்டு முறை வைத்தோம். பன்னிரண்டு மணிக்கு வண்டி வெள்ளையானது.

அந்தப் பச்சை நார்க் கோடுகளைத் தவிர.

நான் என் காரில் இருந்த சிலிக்கான் பாலிஷை எடுத்து வந்தேன். பூசினால் மின்னும், கோடும் கொஞ்சம் மறையும். அண்ணன் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு, இரண்டாயிரம் ரிங்கிட்டுக்காகக் குனிந்து குனிந்து முதுகு வலித்து, கடைசியில் அந்தக் கோடுகளைக் காட்டிக் கொடுப்பதா? மகள் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிள் வந்தார். சேறு படிந்த சிறிய லோரி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக வண்டியிடம் போய், ஆட்காட்டி விரலை மட்கார்டில் நீளமாக இழுத்தார். விரலைக் கட்டை விரலோடு உரசிப் பார்த்தார். எண்ணெய்ப் பசை இல்லை.

"எண்ணெய் போட்டிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். "மின்னுற வண்டியில எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

நான் என் காரைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் உட்கார்ந்து அடிப்பக்கம் பார்த்தார். மட்கார்டின் உள்மடிப்பில் விரல் விட்டார். அங்கும் மண் இல்லை. இடது பின்பக்கம் வந்ததும் நின்றார். சிவப்புக் கோடுகள். இது என்ன என்று கேட்டார். பாத்திரம் தேய்க்கிற நார், என் முட்டாள்தனம் என்றார் அண்ணன். அங்கிள் முந்நூறு குறைக்கச் சொன்னார். 8,200-க்கு முடிந்தது.

அண்ணன் உள்ளே போய்ப் பிரஷ்களையும் இரண்டு வாளியையும் கொண்டு வந்து கொடுத்தார். கூடவே என் சிலிக்கான் டப்பாவையும், என்னைக் கேட்காமலே. சேற்றில் இறங்குவதற்கு முன்னால் மட்கார்டின் அடியில் லேசாக அடித்துவிட்டால் மண் ஒட்டாது, பிரேக்கிலும் சீட்டிலும் கால் வைக்கும் இடத்திலும் மட்டும் படக் கூடாது, வழுக்கிவிடும் என்று சொன்னார். விற்கும்போது பூசக் கூடாதது ஓட்டும்போது பூசலாம் போலிருக்கிறது. அங்கிள் தலையாட்டினார். கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பலகை வைத்து லோரியில் ஏற்றினோம். கயிறு கட்டும்போது அங்கிள் பிடிமானத்துக்காக ஒரு பூட்ஸை முன் மட்கார்டில் வைத்தார். எடுத்தபோது முழுத் தடம், பாலிக் புலாவ் மண், ஆரஞ்சு நிறத்தில். அண்ணன் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து நான்காக மடித்தார். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. திருப்பினார். இன்னொரு இழுப்பு. அங்கிள் லோரியை இயக்கிவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி காத்திருந்தார்.